எல்லாருக்கும் பொதுவான வெளியூர்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு எத்தனை நாள் உயிரோடு இருக்கும், அதன் முட்டை எத்தனை மாதம் காய்ந்து கிடந்து பிழைக்கும், எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள் இப்போதுதான் பரீட்சை எழுதித் தேறி வந்திருக்கிறீர்கள். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளன் ஒருவனைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தால் அவனுக்குத் தெரிந்ததைத்தான் பேசுவான். எனக்கு நன்றாகத் தெரிந்தது பொய்.

சிரிக்காதீர்கள். இந்த வேலையில் கொசுவுக்கு அடுத்தபடியாக நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது அதைத்தான். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டுக்காரர் என்னிடம், "பழைய டயரு எதுவும் நம்ம வூட்ல இல்ல சார்" என்று உறுதியாகச் சொன்னார். சொன்னபோது அவர் ஒரு டயரின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். கடலூரில் ஓர் அம்மா, "தொட்டிய நேத்துதான் சார் கழுவுனோம்" என்றார். தொட்டிக்குள் டார்ச் அடித்தால் கூட்டுப்புழு துள்ளுகிறது. "அம்மா, இதுங்களுக்கு ஒரு வாரம் வயசாவுது" என்றேன். அந்த அம்மா கொஞ்சமும் அசராமல், "அப்ப மோட்டார் தண்ணியிலயே வந்திருக்கும், நீங்க போயி மோட்டாரக் கேளுங்க" என்றார்.

மக்கள் சொல்லும் இந்தப் பொய்களுக்காகக் கோபப்படாதீர்கள். டார்ச் அடித்தால் இரண்டு நிமிடத்தில் அவை வெளுத்துவிடும். நான் சொல்லப்போவது நாமே எழுதுகிற பொய்யைப் பற்றி. அழகான கையெழுத்தில், பதிவேட்டில், கையொப்பம் போட்டு நான் ஒரு பொய் எழுதினேன். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெண் சாகக் கிடந்தாள்.

அப்போது நான் புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். அடைமழை விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. என் பகுதிக் கிராமம் ஒன்றில் சுகந்தி என்ற பெண்ணுக்கு டெங்கு என்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இருபத்து மூன்று வயது, பி.எஸ்சி. முடித்தவள். அப்பா இல்லை. அம்மா பாக்கியம் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். அவளைக் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நாங்கள் ஊருக்குள் இறங்கினோம்.

நாங்கள் என்றால் நானும், கொசுப்புழு ஒழிக்கும் பணியாளர்களான ஐந்து பெண்களும். அவர்களுக்கு அஞ்சலைதான் தலைவி. யாரும் நியமிக்கவில்லை, அவராகவே ஆகிக்கொண்டார். தினக்கூலி, தற்காலிகம், அந்தத் தற்காலிகம் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. தன் நிழல் தண்ணீரில் விழுந்தால் புழு அடிக்குப் போய்விடும் என்று தலையைச் சாய்த்துக்கொண்டு தொட்டியை எட்டிப்பார்ப்பார். அவர் கண்ணுக்குத் தப்பிய புழு எங்கள் ஒன்றியத்தில் கிடையாது.

இரண்டு நாள் ஊரைப் புரட்டினோம். தொட்டி, குடம், ஆட்டுக்கல், தேங்காய் மட்டை, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஒன்றையும் விடவில்லை. ஒரு புழு கிடைக்கவில்லை. "இவ்ளோ சுத்தமான ஊர நான் பார்த்ததே இல்ல சார், பயமா இருக்குது" என்றார் அஞ்சலை.

நான் கடலூருக்குப் போய்ச் சுகந்தியைப் பார்த்தேன். பாக்கியம் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போயிருந்தார். "காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி எங்கயாவது வெளில போயி வந்தியாம்மா?" என்று கேட்டேன். "எங்கயும் போகல சார். வூட்லதான் இருந்தேன்" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பாக்கியம் திரும்பி வந்தபோது அவள் காய்ச்சல் மயக்கத்தில் ஏதோ முனகத் தொடங்கியிருந்தாள். குனிந்து கேட்டேன். "மாலையில பெரியம்மா ஸ்கூட்டர்ல..." என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

பாக்கியம் மிரண்டுபோனார். "எங்க அக்காவ சொல்றாளா சார்? எங்க அக்காவுக்கு சைக்கிளே வுடத் தெரியாது."

"காய்ச்சல்ல அப்பிடித்தாம்மா உளறுவாங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது என் கையில் இருந்ததைப் பாருங்கள். பெண் வீட்டில்தான் இருந்தேன் என்கிறாள். ஊரில் புழு இல்லை. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. நான் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பதிவேட்டில் 'தொற்று ஏற்பட்ட இடம்' என்ற கட்டத்தில் 'வெளியூர்' என்று எழுதிக் கையொப்பம் போட்டேன்.

வெளியூர் என்பது நம் தொழிலின் மிக இனிமையான சொல். எழுதிய நொடியில் தோள் இலேசாகிவிடும். நம் ஊர் நல்ல ஊர், நம் வேலை நல்ல வேலை, கெட்டது வேறெங்கோ இருக்கிறது. உங்களுக்கும் அந்த ஆசை வரும். வரும்போது என் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கடலூரில் வாராந்திர ஆய்வுக் கூட்டம். எங்கள் மேலதிகாரி ஒரு பெண் மருத்துவர். அதிகம் பேசமாட்டார், குரலையும் உயர்த்தமாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் பயம். ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார். நான் எழுந்தேன். "ஒரே ஒரு கேஸ் மேடம். வெளியூர்ல வாங்கிட்டு வந்தது." அடுத்தது சேத்தியாத்தோப்புப் பக்கம் இருந்த கலியமூர்த்தி. என்னோடு ஒரே நாளில் பணியில் சேர்ந்தவன், எனக்கு மச்சான் முறை. "ஒரு கேஸ் மேடம். வெளியூர்." அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். ஆளுக்கு ஒரு கேஸ். ஆளுக்கு ஒரு வெளியூர்.

மேடம் ஆறு பெயர்களையும் ஒரு தாளில் எழுதினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"ஆறு பேரும் வெளியூருக்குப் போயிருக்காங்க. ஆறு ஊர்லயும் புழு இல்ல. ரொம்ப சந்தோஷம்" என்றார். "அப்ப எல்லாருக்கும் பொதுவா ஒரு வெளியூர் இருக்கணுமே. அது எந்த ஊர்?"

ஆறு பேரும் ஆளுக்கொரு பதிவேட்டைப் புரட்டினோம்.

"அடுத்த கூட்டத்துக்குள்ள அந்த ஊர் பேர் எனக்கு வேணும்" என்றார். அவ்வளவுதான். அவர் அன்று திட்டியிருந்தால் நான் மத்தியானமே மறந்திருப்பேன்.

வெளியே வந்து நானும் கலியமூர்த்தியும் டீக்கடையில் நின்றோம். "மச்சான், உன் கேஸு உன் ஏரியாதான். நீதான் என் தலையில கட்டப் பாக்குற" என்று அவன் என்னிடம் சண்டைக்கு வந்தான். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று எங்களைக் கடந்துபோனது. 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும்!' கணீரென்ற குரல். அது என் குரல். அதற்கு முந்தின வருடம் என்னைத்தான் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். மாவட்டம் முழுக்க அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

கையில் டீயோடு அப்படியே நின்றுவிட்டேன். பகலில்தான் கடிக்கும் என்று ஊருக்கெல்லாம் கத்துகிறேன். ஆனால் நானே இரண்டு நாளாக அந்தப் பெண் ராத்திரி படுத்துத் தூங்குகிற ஊரில் போய்ப் புழு தேடியிருக்கிறேன். பகலில் அவள் எங்கே இருந்தாள்?

"மச்சான், உன் ஆளு எங்க இருக்கான்?" என்றேன்.

"சிதம்பரத்துல ஆஸ்பத்திரியில. பேரு பிரபு. ஏன்?"

"வா, போவலாம்."

பிரபுவுக்கு இருபத்தாறு வயது. காய்ச்சல் குறைந்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கலியமூர்த்தி விசாரித்தான். "நான்தான் அன்னிக்கே சொன்னனே சார். எங்கயும் போகல, வூட்லதான் இருந்தேன்." இவனும் சுவரைத்தான் பார்த்தான். அதே சொற்கள், அதே சுவர். யாரோ சொல்லிக்கொடுத்த பாடம் மாதிரி இருந்தது.

எனக்குள் ஒரு குறும்பு எழுந்தது. அது வேலை செய்யும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. அவன் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, வீட்டு நலன் விசாரிக்கிற குரலில், "தம்பி, மாலையில பெரியம்மா ஸ்கூட்டர்ல போனாங்களே, என்னாச்சு?" என்றேன்.

"ரிக்‌ஷாவ இடிச்சு மல்லாந்தா, ரத்தம் நிக்கல" என்றான் பிரபு.

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். கலியமூர்த்தி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "யாரு மச்சான் பெரியம்மா? எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்க?"

உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதவர்களுக்காக, அன்று பிரபு எங்களுக்கு விளக்கியதைச் சொல்கிறேன். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், பி குறைந்தால் பெரிபெரி, சி என்றால் ஸ்கர்வி, டி என்றால் ரிக்கெட்ஸ், ஈ என்றால் மலட்டுத்தன்மை, கே என்றால் ரத்தம் உறையாது. வரிசை மறக்காமல் இருக்க ஒரு வாக்கியம். மாலையில, பெரியம்மா, ஸ்கூட்டர்ல, ரிக்‌ஷாவ இடிச்சு, மல்லாந்தா, ரத்தம் நிக்கல. அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு வாத்தியார் கட்டிய வாக்கியம். எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அதைச் சொல்கிற இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்துதான் கற்றிருக்க வேண்டும்.

பிரபு அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். "சார், சென்டர மூடிடாதீங்க சார். பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாளுதான் இருக்குது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் சென்டர் பேர வெளில சொல்லக் கூடாதுன்னு வாட்ஸ்அப்புல எல்லாரும் சத்தியம் பண்ணிக்கிட்டோம்."

நம் மாவட்டத்தின் வருங்கால அரசு ஊழியர்கள் ஒன்றுகூடி ரகசியம் காத்த விதத்தை நினைத்து எனக்குப் பெருமையாகவே இருந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுநாள் காலை சிதம்பரம் நகராட்சி ஆய்வாளருக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். மருந்தும் ஆட்களும் மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்றார். நான், கலியமூர்த்தி, அஞ்சலை மூவரும் முன்னால் போனோம்.

கீழே ஜெராக்ஸ் கடை, மேலே மாடியில் பயிற்சி மையம். நடத்தியவர் பெயர் தண்டபாணி. ஐம்பது வயதிருக்கும். அரசுத் தேர்வு எழுதும் வயது முடிகிறவரைக்கும் எழுதித் தேறாதவர். ஆனால் அவரிடம் படித்தவர்கள் தேறிக்கொண்டே இருந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "நம்ம சென்டர்ல யாருக்கும் காய்ச்சல் கிடையாது சார். கொசுவே கிடையாது" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பையன் தன் முழங்கையில் பட்டென்று அடித்துக்கொண்டான். எல்லோரும் அவனைப் பார்த்தோம். தண்டபாணி வழிவிட்டார்.

உள்ளே அறுபது பேர் போல இருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு வந்தால் மாலை ஐந்துவரை அங்கேயேதான். சுற்றிப் பார்த்தால் எல்லாம் சுத்தம். மேல்தொட்டிக்கு இறுக்கமான மூடி. குடிநீர் டிரம்முக்குத் துணி கட்டியிருந்தது. கழிப்பறை பளிச்சென்றிருந்தது. தண்டபாணி ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டி மார்பை நிமிர்த்தினார். இங்கேயும் இல்லையென்றால் மேடத்திடம் எந்த ஊர்ப் பெயரைச் சொல்வது?

"சார்" என்று அஞ்சலை ஜன்னல் பக்கமிருந்து கூப்பிட்டார். "இங்க வந்து கூத்தப் பாருங்க."

ஜன்னல் மேடை நெடுக வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். முப்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி ஒரு மணிபிளான்ட் கொடி. ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய சீட்டில் ஒரு பெயர், ஒரு பதவி. 'கிராம நிர்வாக அலுவலர்.' 'இளநிலை உதவியாளர்.' 'தட்டச்சர்.' தேறி வேலைக்குப் போகிறவர்கள் போகும்போது ஒரு குப்பி வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். அஞ்சலை ஒரு குப்பியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். தெளிந்த தண்ணீரில் வேர்களுக்கு நடுவே புழுக்கள் நெளிந்து நெளிந்து ஆடின.

ஒரு குப்பியில் 'சுகாதார ஆய்வாளர்' என்றும் எழுதியிருந்தது. பெயரைச் சொல்லமாட்டேன். அவர் இப்போது உங்களுக்குப் பயிற்சி தர வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அந்தத் தண்ணிய மாத்தவே மாட்டோம் சார், குறைஞ்சா ஊத்துவோம். ராசி" என்றார் தண்டபாணி. அந்த ஜன்னல் ஓர இடங்களுக்குத்தான் அங்கே போட்டி ஜாஸ்தி என்பதும் தெரிந்தது. தேறியவர்களின் காற்றுப் படுமாம். நன்றாகப் படிப்பவர்கள் சீக்கிரம் வந்து அந்த இடங்களைப் பிடித்துவிடுவார்கள். விசாரித்ததில், காய்ச்சல் கண்ட ஆறு பேரும் அங்கே படித்தவர்கள், அந்த வரிசைதான். ராசி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது.

இங்கே நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். ஆத்திரத்தில் ஒரு குப்பியை எடுத்துத் தண்ணீரைக் கீழே கவிழ்க்கப் போனேன். அறுபது பேரும் எழுந்து நின்றார்கள்.

"சார், எந்தச் சட்டப் பிரிவுல உள்ள வந்தீங்க?" என்றான் ஒருவன்.

"பொது சுகாதாரச் சட்டம்" என்றேன்.

"எந்தப் பிரிவு?"

எனக்குப் பிரிவு எண் மறந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எண்ணைச் சொன்னாள். சொன்னதோடு விடாமல், அதன்படி முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தாள். தம்பிகளே, தங்கைகளே, பரீட்சைக்குப் பதினேழு நாள் இருக்கும்போது அறுபது போட்டித் தேர்வர்களிடம் சட்டம் பேசாதீர்கள். மேடத்துக்குப் போன் போட்டேன். "சென்டர சீல் வெச்சிடலாமா மேடம்?" என்றேன். "அங்க நிக்கிறது நீங்க. பாத்து முடிவெடுங்க. நான் உங்க பின்னாடி இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

மூடிவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். பூட்டைப் பற்றிக் கலியமூர்த்தியிடம் பேச வாயெடுத்தபோது என் போன் அடித்தது. பாக்கியம். கூச்சலில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

"சார், காலையில காய்ச்சல் வுட்டுடுச்சு. சரியாப் போச்சுன்னு வூட்டுக்குக் கூப்டுப் போவ இருந்தன். இப்ப கையி காலெல்லாம் ஜில்லுன்னு போயிடுச்சு சார். வவுத்த வலிக்குதுன்னா. கண்ணு சொருவுது. ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிகினு போறாங்க. எம் பொண்ணு பொழைச்சுக்குமா சார்?"

அந்தக் குரல் அந்த அறையின் நான்கு சுவரிலும் போய் மோதியது. எனக்கு என்ன பதில் சொன்னேன் என்றே நினைவில்லை. போனை வைத்தபோது எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகந்தியின் இடம் ஜன்னல் ஓரத்தில் காலியாக இருந்தது. அவள் நோட்டு அங்கேயே கிடந்தது.

பின்வரிசையில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது. "சார், எனக்கும் மூணு நாளா காய்ச்சல். மாத்திரை போட்டுகினு வந்துகினு இருந்தேன். நேத்து சாயங்காலம் வுட்டுடுச்சு. அதான் சொல்லல." இன்னொரு கை. "எனக்கு இன்னிக்குக் காலையில வுட்டுச்சு சார்."

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் கண்டம் என்று பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். அன்று அந்த இரண்டு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. காய்ச்சல் விட்டதும் தப்பித்தோம் என்று வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கலியமூர்த்தி ஆட்டோ பிடித்து இருவரையும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

இப்போது தண்டபாணி பயந்துவிட்டார். "எல்லாரும் பைய எடுத்துக்கிட்டு ஊருக்குப் போங்க. சென்டர் லீவு" என்று கத்தினார். பிள்ளைகள் பைகளை எடுத்தார்கள்.

நான் ஓடிப்போய் மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றேன். மூட வந்தவன் நான். ஆனால் அந்த நொடியில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்த அறுபது பேரும் இப்போது முப்பது ஊருக்குப் பிரிந்து போவார்கள். யாருக்குள் நோய் ஊறிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. வீட்டில் மாத்திரையை விழுங்கிக்கொண்டு படிப்பார்கள், ஒளிப்பார்கள். அந்தந்த ஊர்க் கொசு அவர்களைக் கடித்துவிட்டு அடுத்தவரைத் தேடிப் போகும். கொசு கடிக்கிற பகல் முழுக்க இங்கே இருந்தால் எல்லோரும் என் கண்ணுக்கு முன்னால் இருப்பார்கள்.

"ஒருத்தரும் போவக் கூடாது. நாளைக்கும் எல்லாரும் வரணும். ஆனா ரெண்டு கண்டிஷன்" என்றேன். "தினம் காலையில இந்தப் படியில காய்ச்சல் பாத்துட்டுத்தான் மேல வுடுவோம். லேசா இருந்தாலும் மறைக்கக் கூடாது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் சென்டர மூடமாட்டேன், இது என் சத்தியம். மறைச்சது தெரிஞ்சா அன்னிக்கே பூட்டு. ரெண்டாவது, அந்தக் குப்பித் தண்ணி இப்பவே போவணும்."

முதல் நிபந்தனைக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவதற்கு ஒரு தலையும் ஆடவில்லை. பதினேழு நாளில் பரீட்சை. ராசியைக் கொட்டச் சொல்கிறேன். தண்டபாணி ஒரு மூலைக் குப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். அதில் சீட்டு இல்லை. "இது யாரோடது?" என்று கேட்டேன். "என்னோடது. பேரு எழுதற நெலம வரல" என்றார்.

அஞ்சலைதான் முன்னால் வந்தார். "யாரு கொட்டச் சொன்னது? கொடிய ஏன் கொட்டணும்? தண்ணிய எடுத்துட்டு ஈர மணலப் போட்டு நடுங்க. கொடி நல்லா வரும், கொசு முட்டை வுடாது" என்றார். பிள்ளைகள் இன்னும் தயங்கினார்கள். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னா படிச்ச புள்ளைங்க நீங்க? தண்ணியில நிக்கிற வேரு டெம்பரவரி. மண்ணுல புடிச்ச வேருதான் பர்மனென்ட்டு. பன்னெண்டு வருசமா டெம்பரவரியா இருக்குற நான் சொல்றன், கேட்டுக்குங்க."

முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு அறையே சிரித்தது. பத்து பேர் படியிறங்கி ஓடினார்கள். பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் இரண்டு சட்டி மணல் கேட்டு வாங்கி வந்தார்கள். அஞ்சலை தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு குப்பியாகத் தண்ணீரை வாளியில் வடித்து, கழுவி, மணலில் கொடியை நட்டார். முதலில் நட்டது தண்டபாணியினுடையதை. பன்னிரண்டு வருடத்தில் அஞ்சலை சொன்ன எத்தனையோ நல்ல யோசனைகளை அறிக்கையில் என் பெயரில்தான் எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் அவர் பெயரில் எழுதினேன். அது எனக்குக் கொஞ்சம் வெட்கமான பெருமை.

குப்பியோடு வேலை முடியவில்லை. பறந்துகொண்டிருந்த கொசுக்களுக்குள்ளும் நோய் இருந்தது. மத்தியானம் நகராட்சி ஆட்கள் வந்து அறையை அடைத்து மருந்து அடித்தார்கள். அந்த நேரம் முழுக்கப் பிள்ளைகள் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டு படித்தார்கள்.

அடுத்த பத்து நாளும் காலையில் நான் அல்லது அஞ்சலை அந்தப் படியில் நின்றோம். இன்னும் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தது. மூவருமே படியில் வைத்து அவர்களாகவே சொன்னார்கள். கொசுவலைக்குள் படுக்கவைத்துக் கவனித்ததில் மூவரும் எழுந்துவிட்டார்கள். ஆட்டோவில் போன இருவரில் ஒருத்திக்கு அன்று மாலையே ரத்த அழுத்தம் இறங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிழைத்தாள். வகுப்பில் உட்கார்ந்து இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றுவரை முழுதாக யோசித்துப் பார்த்ததில்லை.

சுகந்தி ஐ.சி.யூ.வில் மூன்று நாள் இருந்தாள். நான்காம் நாள் கஞ்சி கேட்டாள். அந்த முறை பரீட்சை எழுதினாள், தேறவில்லை. அடுத்த முறை தேறினாள். இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கிறாள். போன வருடம் ஒரு சான்றிதழுக்காக அங்கே போனேன். எழுந்து நின்று வணக்கம் சொல்லி, நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, ஒரு நகல் குறைகிறது என்று என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். நல்ல ஊழியர். நம் துறைக்கு வந்திருக்க வேண்டியவள்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது அவள் வீடு திரும்பிய நாளைப் பற்றி.

அன்று நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பாக்கியம் ஒரு கையில் பையும் ஒரு கையில் மகளுமாக வந்தார். நான் நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். ஆறு ஊர், கூட்டம், பெரியம்மா, ஸ்கூட்டர், குப்பி, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பாக்கியம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆச்சரியமாக என்னைப் பார்த்தார்.

"அவ தினம் எட்டு மணி பஸ்ஸுல சிதம்பரத்துக்குப் படிக்கப் போறது எனக்குத் தெரியுமே சார். நான்தான சோறு கட்டிக் குடுக்குறன்."

ஆட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினேன்.

"மொத நாளு, ஆஸ்பத்திரியில சேக்கறதுக்கு முன்ன எங்கூட்டுக்கு வந்து அம்மாம் நேரம் விசாரிச்சீங்க. குடம் எத்தினி, தொட்டி எத்தினி, எப்பக் கழுவுனீங்கன்னு எல்லாம் கேட்டீங்க. தண்ணிய விசாரிச்சீங்க, எம் பொண்ண விசாரிக்கவே இல்லயே. ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பன்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. பாவம், இவ்வளவு அலைந்திருக்கிறாரே என்ற இரக்கம்தான் இருந்தது. அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் வந்தது. மகளை முதலில் ஏற்றிவிட்டு, பாக்கியம் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பி, "வெயில்ல நிக்காதீங்க சார், டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார்.